தலைவர் உட்கார்ந்தால் எழும் திமில்

எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "அயனிகள் அணுக்களோடு மோதும்போது எலெக்ட்ரான்கள் எப்படித் தெறித்து வெளியே வருகின்றன என்று பார்க்கிறேன்" என்பேன். கேட்டவர் ஒரு கணம் என்னை இரக்கத்தோடு பார்ப்பார். பிறகு, "கவர்மென்ட்டா?" என்பார். ஆமாம் என்றதும் அவர் முகம் தெளியும். செங்கல்பட்டில் என் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான். அதுகூட அதிகம் என்று இப்போது படுகிறது.

எங்கள் ஆய்வுக்கூடம் மாமல்லபுரத்துக்குச் சற்று வடக்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது. ஆய்வுக்கூடம் என்று பெயர்ப்பலகை சொன்னது. பலகை இல்லாவிட்டால் உப்புக் கிடங்கு என்று நினைத்திருப்பார்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக ஓர் அலுவலக பஸ் எங்களை அள்ளிக்கொண்டு போய் அங்கே கொட்டும். மாலையில் திரும்பவும் அள்ளும். நடுவில் நாங்கள் விஞ்ஞானம் செய்ததாகப் பேச்சு.

விஷயம் இதுதான். ஹைட்ரஜன் அணுவிடம் இருப்பதே ஓர் எலெக்ட்ரான். அதையும் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது அயனி. தற்காலிக ஊழியனைப் போல அதற்கு இழக்க வேறொன்றும் இல்லை. ஆகவே என்ன வேகத்தில் வேண்டுமானாலும் விரட்டலாம். லட்சம் வோல்ட் கொடுத்து விரட்டுவோம். ஓர் இரும்பில்லாத உலோகத் தொட்டி, உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், நடுவில் மெல்லிய ஊசிமுனையிலிருந்து கசியும் ஆர்கான் வாயு. அதன் குறுக்கே அயனிகள் பாயும். ஆர்கான் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் கழன்று விழும். அவை எந்தத் திசையில், எந்த வேகத்தில் வருகின்றன என்று எண்ண வேண்டும்.

மோதல் என்று சொல்வதே பெரும்பாலும் மிகைதான். அயனி நேராகப் போய் அணுவின் மேல் விழுவதில்லை. பக்கத்தில் கடந்து போகிறது, அவ்வளவுதான். அந்த இழுப்பிலேயே ஓர் எலெக்ட்ரான் கழன்று, எங்கே போவதென்று தெரியாமல் மெதுவாக வெளியே வருகிறது. படாளத்துப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் நிற்பவரின் தோள் துண்டைக் கடந்து போகும் லாரி கிளப்பிவிட்டுப் போகுமே, அப்படி. எப்போதாவது நேருக்கு நேர் அடிபடுவதும் உண்டு. அப்படி அடிபட்டது அயனியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முன்னால் பறக்கும். இன்னொரு ரகமும் இருக்கிறது. அயனியின் கூடவே, அதே வேகத்தில், ஒட்டாமலும் விலகாமலும் போகும். முகாம் போகும் அதிகாரிக்குப் பின்னால் குடையோடு போகிறவரை நீங்கள் பார்த்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் அந்த ரகம்.

ஆனால் கூட்டம் அதிகமாக இருப்பது மெதுவாக வருகிறவற்றில்தான். வேகம் குறையக் குறைய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போக வேண்டும். சிக்கல் என்னவென்றால் இந்த மெதுவான எலெக்ட்ரான்களுக்கு முதுகெலும்பு கிடையாது. பூமியின் காந்தமே அவற்றை வளைத்துவிடும். வளைந்தால் எண்ணும் துவாரத்துக்குள் நுழையாமல் சுவரில் முட்டிச் சாகும். அதற்காகத்தான் தொட்டியின் இரு பக்கமும் வண்டிச் சக்கரம் போல இரண்டு பெரிய செம்புக் கம்பிச் சுருள்கள். அவற்றில் மின்சாரம் விட்டுப் பூமியின் காந்தத்தைச் சரிக்கட்டுவோம். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலை அதுதான். அறைக்குள் இரும்பு கூடாது. ஆணியெல்லாம் பித்தளை. கதவில் தலைவர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு: இரும்புச் சாமான் எதுவும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

தலைவர் என்பது எங்கள் பிரிவின் தலைவர். எங்கள் பெயர்களை அவர் தெரிந்துகொள்ளவில்லை. நாங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறோமோ அதுதான் பெயர். நான் செங்கல்பட்டு. பியூன், தேவனேரி. ஆய்வு மாணவியாகத் தற்காலிகப் பதவியில் இருந்த பெண், கருங்குழி. அவர் தினமும் கருங்குழியில் பஸ் பிடித்து, செங்கல்பட்டில் இறங்கி, எங்கள் பஸ்ஸில் ஏறி வருகிறவர். எங்கள் மூவரையும் ஒன்றாகக் கூப்பிட்டால் கண்டக்டர் சத்தம் போடுவது போல இருக்கும்.

இரும்பு விஷயத்தில் தலைவர் கண்டிப்பானவர். கதவருகே ஒரு பழைய ஊறுகாய் ஜாடி. என் சாவிக்கொத்து, கைக்கடிகாரம், இடுப்பு பெல்ட் மூன்றும் அதில் போக வேண்டும். கால்சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நான் விஞ்ஞானம் செய்தேன். கருங்குழி தன் கொண்டை ஊசிகளைக் கழற்றி ஜாடியில் போட வேண்டும். ஒரு நாள் ஓர் ஊசியை மறந்துவிட்டார். தலைவர் அதைக் கண்டுபிடித்து, எல்லோர் முன்னிலையிலும் இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இதுதான் இந்த நாட்டுல விஞ்ஞானம் வளராததுக்குக் காரணம்" என்றார். 

இதைச் சொன்னபோது அவர் உட்கார்ந்திருந்தார். அவர் உட்காராமல் எதுவும் சொல்ல மாட்டார்.

அவருடைய நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடற்காற்று முந்தைய இரண்டு நாற்காலிகளைத் தின்றுவிட்டது. இரண்டாவது நாற்காலி, அவர் பின்னால் சாய்ந்து ஒரு பெரிய கொள்கையை விளக்கிக்கொண்டிருந்தபோது முறிந்து, கொள்கையோடு சேர்ந்து கவிழ்ந்தது. மூன்றாவதைச் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்தார். எவ்வளவு சாய்ந்தாலும் கவிழாதபடி அடியில் தண்டவாளத் துண்டு ஒன்றை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். சின்னச் சக்கரங்கள் உண்டு. ஆனால் தலைவர் அறைக்கும் ஆய்வறைக்கும் நடுவே மணல். ஆகையால் தினமும் காலையில் தேவனேரி அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வருவார். தலைவர் கிளம்பும்போது திரும்பத் தூக்கிக்கொண்டு போவார். அவர் உட்காராத நேரத்தில் அதில் வேறு யாரும் உட்கார்ந்துவிடக் கூடாதல்லவா?

"இன்னா சார், இது சேரா, ரயிலு எஞ்சினா?" என்பார் தேவனேரி, வியர்வையைத் துடைத்தபடி. "எங்க வூட்ல கட்டுமரம்கூட இத்தினி கனம் இல்ல. இட்டாறதுக்குள்ள இடுப்பு கயண்டுக்குது."

"பதவின்னா கனமாத்தான் இருக்கும் அண்ணாத்த."

"பதவி அவருக்கு, கனம் எனக்கா? நல்லா கீதே ஞாயம்."

இந்தப் பேச்சு நாங்கள் தினமும் பேசியது. கொண்டை ஊசியை ஜாடியில் போட்டுவிட்டு, அந்த நாற்காலிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று பேசியது. மூன்று பேரில் இருவர் இயற்பியல் பட்டதாரிகள்.

தலைவர் காலையில் வந்து, தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி உட்காருவார். நாங்கள் நிற்போம். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனால் திரும்ப வர மாட்டார். காலை நேரத்து அளவீடுகள் என் பொறுப்பு, மதியம் கருங்குழி. வரைபடத் தாளில் நான் எடுத்த கோடுகளில் ஒரு விசேஷம் இருந்தது. வேகம் குறையக் குறைய எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், ஓர் இடத்தில் உச்சியைத் தொட்டு, சடாரென்று இறங்கிவிடும். காளையின் திமில் போல. தலைவருக்கு அந்தத் திமில் மேல் உயிர். ஆர்கான் அணு தன் மெதுவான எலெக்ட்ரான்களை விடாமல் பிடித்துவைக்கிறது, இதை உலகத்தில் இதுவரை யாரும் கவனிக்கவில்லை என்று ஒரு கட்டுரையும் எழுதிவிட்டார். நானும் அதை நம்பினேன். என் கையால் எடுத்த கோடு. மேலதிகாரிக்குப் பிடித்த கோடு. இந்த இரண்டும் சேர்ந்தால் உண்மைக்கு வேறு என்ன தகுதி வேண்டும்?

கருங்குழி மதியம் எடுத்த கோடுகளில் திமில் இல்லை. ஏறியது ஏறியபடி போய்க்கொண்டே இருந்தது.

"நான் எதிர்ல இல்லன்னா நீ ஒழுங்கா வேலை செய்றதில்ல" என்றார் தலைவர்.

"சார், எல்லாத்தையும் ரெண்டு தடவ பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

"நான் இருக்கும்போது வருது. நான் போனா வரல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை என்பதுதான் கொடுமை. அவர் இருந்தால் வந்தது, போனால் வரவில்லை. ஒரு காலையில் கருங்குழியையே எடுக்கச் சொன்னார். தலைவர் உட்கார்ந்திருக்க, திமில் அழகாக எழுந்தது. "பாத்தியா?" என்றார், தன் பேரக்குழந்தை நடந்து காட்டியது போல.

கருங்குழியின் பதவிக்காலம் ஜூன் மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பும் ஆய்வேட்டில் கையெழுத்தும் தலைவர் கையில். மதியக் கோட்டிலும் திமில் வந்தால் கையெழுத்து. இல்லாவிட்டால் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிடுவதாகச் சொல்லிவிட்டார். அனுப்பினால் கருங்குழியில் அவருக்காகக் காத்திருந்தது மாமாவின் ரைஸ் மில்.

பஸ்ஸில் ஒரு நாள் நான் யோசனை சொன்னேன். "ஒண்ணு பண்ணுங்களேன். காலைல எடுத்த கோட்டையே ஆய்வேட்டுல போட்டுடுங்க. திமிலும் ஆச்சு, கையெழுத்தும் ஆச்சு."

"அப்போ மத்தியானம் வர்றது என்னா?"

"மத்தியானம் எலெக்ட்ரானுங்களும் சாப்ட்டுட்டு சோம்பலா..."

"சார், நீங்க காமெடி எழுதப் போயிடுங்க. இங்க இருந்து ஆர்கானுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல." 

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரைஸ் மில்லுக்குப் போறது எனக்குக் கேவலம் இல்ல. போலாம். ஆனா பொய்க்கோட்டுல கையெழுத்து வாங்கிட்டு விஞ்ஞானின்னு இருக்கறதுக்கு, உமியில கையெழுத்து போடலாம்."

பாவம், எல்லாவற்றையும் சோதித்தார். மதியம் கடற்காற்று திரும்புகிறதே என்று பார்த்தார். மின்னழுத்தம் குறைகிறதா என்று பார்த்தார். வாயுவின் அளவு, வெற்றிடத்தின் தரம், சுருள்களில் ஓடும் மின்சாரம் எதையும் விடவில்லை. என் ஜட்டியில் எலாஸ்டிக் பட்டையில் இரும்பு இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டிருப்பார், கேட்கவில்லை. இரும்பு என்றதும் எங்களுக்கு ஜாடிதான் ஞாபகம் வந்தது. நாற்காலியை யாரும் நினைக்கவில்லை. அது மறைவாக இல்லை; தினமும் எங்கள் காலில் இடித்துக்கொண்டுதான் போயிற்று. ஆனால் நாற்காலி எங்களுக்கு ஒரு சாமானே அல்ல. அது தலைவரின் கீழ்ப்பாதி. மேலதிகாரியின் இடுப்புக்குக் கீழே என்ன உலோகம் என்று நல்ல குடும்பத்தில் பிறந்த எவனாவது கேட்பானா?

ஜூன் பிறக்கும் முன்பே ஒரு பெரிய மனிதர் வந்தார். தலைவர்களுக்குத் தலைவர். மெட்ராஸில் பிறந்து வடக்கே போய்ப் பெரியவர் ஆனவர். ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வருவதாகத் தகவல். உண்மையில் குடும்பத்தோடு மாமல்லபுரம் கல்யானையைப் பார்க்க வந்தார். பயணப்படி வாங்க எங்களையும் ஒரு பார்வை பார்க்க வேண்டியிருந்தது. தலைவருக்கு அது போதும். கருங்குழியைக் கூப்பிட்டு, "அவர் எதிர்ல நீதான் எடுக்கணும். மத்தியானம்தான் எடுக்கணும். நான் பக்கத்துல இருப்பேன். வந்தாச்சுன்னா, இத்தனை நாள் நீ கவனமா செய்யலன்னு உன் வாயாலயே அவர்கிட்ட சொல்லணும்" என்றார்.

பெரிய மனிதர் வந்து சேரும்போது நொண்டிக்கொண்டிருந்தார். கோயில் என்று செருப்பைக் கழற்றிவிட்டு, உச்சி வெயிலில் மணலில் நடந்திருக்கிறார். உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. "எங்கேயாவது உட்காரணுமே" என்றார்.

தலைவர் பதறிப்போய்த் தன் நாற்காலியைக் கொடுத்தார். வேறு வழி? அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலி அது. காற்று வரட்டும் என்று தேவனேரி அதை அறையின் மறுகோடியில், ஜன்னலுக்குக் கீழே போட்டார். பெரிய மனிதர் சாய்ந்து உட்கார்ந்து, இளநீர் ஒன்றை வாங்கிக்கொண்டார். தலைவர் தன் வழக்கமான இடத்தில், தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி, நின்றார். அவருக்கு முழங்கால் இருப்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

கருங்குழி எடுத்தார். வேகத்தைக் குறைத்துக் குறைத்து, ஒவ்வொரு இடத்திலும் எண்ணும் பெட்டியின் சிவப்பு எண்களைப் படித்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஏறின. ஏறிக்கொண்டே போயின. திமில் எழ வேண்டிய இடம் வந்தது. திமில் எழவில்லை.

"திரும்ப எடு" என்றார் தலைவர்.

திரும்ப எடுத்தார். இல்லை.

"என்னம்மா பண்ற? நான் இங்கதானே நிக்கறேன்?"

கருங்குழி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார் மெதுவாக. "நிக்கறீங்க."

அந்தப் பார்வை தலைவர் மேலிருந்து இறங்கி, அவருக்குக் கீழே காலியாகக் கிடந்த தரைக்குப் போய், அங்கிருந்து அறையைக் கடந்து ஜன்னலடிக்குப் போனது. நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி.

"சார்" என்று பெரிய மனிதரிடம் மிகப் பணிவாகச் சொன்னார் கருங்குழி, "அங்கேயிருந்து நம்பர் தெரியாது. கொஞ்சம் கிட்ட வந்து பாத்தீங்கன்னா நல்லாருக்கும். எழுந்திருக்க வேணாம் சார். கால் வலிக்கும். தேவனேரி அண்ணே, சாரை அப்படியே தள்ளிக்கினு வாங்க."

உள்ளே சிமெண்ட் தரை. சக்கரங்கள் கிறீச்சிட, தேவனேரி அவரைத் தேர் போலத் தள்ளிக்கொண்டு வந்தார். முழுக்கோடும் எடுக்காமல், மெதுவான எலெக்ட்ரான்கள் வரும் ஓர் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார் கருங்குழி. தேர் நெருங்க நெருங்க சிவப்பு எண்கள் சோர்ந்தன. தலைவரின் இடத்துக்கு அது வந்து நின்றபோது எண்ணிக்கை ஏறக்குறைய செத்துவிட்டது.

"இங்க புழுக்கமா இருக்கும் சார். காத்து வர்ற எடத்துக்கே போயிடுங்க."

தள்ளினார்கள். எண்கள் உயிர்த்தன.

"ஐயோ, அங்க வெயில் அடிக்குதே. கொஞ்சம் இப்படி..."

மறுபடி வந்தது தேர். மறுபடி செத்தது. "இன்னாம்மா, என்ன வெச்சி கூத்து கட்றியா?" என்று தேவனேரி முணுமுணுத்தார். பெரிய மனிதருக்கு இது ஏதோ உபசாரம் என்றே பட்டிருக்க வேண்டும். மூன்றாவது தடவை தள்ளும்போதுதான் இளநீரை இறக்கிவைத்துவிட்டு எண்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, தனக்குக் கீழே பார்த்தார். விரல் மடக்கித் தண்டவாளத் துண்டைத் தட்டினார். மணி போலக் கணீரென்றது.

"இதுல யார் உட்காருவா, தினமும்?"

நாங்கள் எல்லோரும் மிகுந்த மரியாதையோடு தரையைப் பார்த்தோம்.

"இந்த நாற்காலி கிட்ட வந்தா மெதுவான எலெக்ட்ரான் வளைஞ்சு போயிடுது சார்" என்றார் கருங்குழி. "துவாரத்துக்குள்ள வர்றதில்ல. அதனாலதான் கோடு கீழ இறங்குது. காலைல சுருளைச் சரிபண்றது நாற்காலி வர்றதுக்கு முன்னாடி. ஆர்கான் எதையும் புடிச்சு வெக்கல. இரும்புதான் புடிச்சு வெக்குது."

பெரிய மனிதர் சிரிக்க ஆரம்பித்தார். கால் கொப்புளத்தையும் மறந்து சிரித்தார். தலைவரும் கூடச் சிரித்தார். சிரிப்பு அடங்கும் முன்பே, கையைக் கட்டிக்கொண்டு, "இதைத்தான் சார் நான் ரொம்ப நாளா சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். அதனாலதான் இந்தப் பொண்ணை மத்தியானம் மட்டும் எடுக்கச் சொல்லி வச்சிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க" என்றார்.

எலெக்ட்ரான் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று நாங்கள் ஆண்டுக்கணக்கில் அளந்திருக்கிறோம். இந்த வேகத்தை நான் எங்கும் கண்டதில்லை.

பெரிய மனிதர், "அப்ப ஆய்வேட்டுல இன்னிக்கே கையெழுத்து போட்டுடலாமே" என்றார், சாதாரணமாக. கருங்குழி அதற்காகவே காத்திருந்தவர் போல ஏட்டைக் கொண்டுவந்து நீட்டினார். தலைவர் கையெழுத்துப் போட்டார். நின்றபடியே போட்டதால் கொஞ்சம் கோணலாக விழுந்தது. திமில் கட்டுரையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அது எங்கோ அச்சாகி, எங்கோ பரணில், யார் கண்ணையும் உறுத்தாமல் இன்னும் இருக்கும்.

அலுவலகம் இதிலிருந்து என்ன கற்றது என்று கேட்கிறீர்களா? தலைவருக்குத் தேக்கில் புது நாற்காலி வந்தது, கை வைக்கும் இடத்தில் சிங்கமுகத்தோடு. ஊறுகாய் ஜாடி அப்படியே இருந்தது. கொண்டை ஊசிகளும் கழன்றபடியே இருந்தன. அதுமட்டுமல்ல, மற்றப் பிரிவுத் தலைவர்களும் இரும்பு நாற்காலி தங்கள் ஆராய்ச்சிக்குக் கேடு என்று எழுதித் தேக்கு வாங்கினார்கள். அதில் ஒருவருடைய ஆராய்ச்சி தென்னைக்கு வரும் வண்டு பற்றியது.

பழைய இரும்பு நாற்காலியை என்ன செய்வது? என் மூப்பை முன்னிட்டு அதை எனக்குக் கொடுத்தார்கள். ஆய்வறைக்கு அடுத்த சின்ன அறை என்னுடையது. சுவரோரமாகப் போட்டு உட்கார்ந்தேன். இத்தனை காலம் நின்றவனுக்கு அது சுகமாகத்தான் இருந்தது. சாய்ந்தேன், கவிழவில்லை. எனக்கே தெரியாமல் கால் மேல் கால் போட்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் உள்ளே வந்து, உட்காராமல் நின்றபடி என்னோடு பேசினான். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை என்பது அவன் போன பிறகுதான் உறைத்தது.

அன்று மதியம் கருங்குழி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். இப்போது நிரந்தரப் பதவி. தலைமுடி கட்டில்லாமல் தோளில் கிடந்தது, ஊசிகள் ஜாடியில். கையில் வரைபடத் தாள். என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், எனக்கு முதுகுப் பக்கம் இருந்த சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி.

"எழுந்திருங்க சார்" என்றார். "திமில் லேசாத் தலையை நீட்டுது."

எழுந்தேன். அது எனக்கு எப்போதும் நன்றாக வரும்.